வரைகலைச் செயலி முடுக்கம்

வரைகலைச் செயலி முடுக்கம் என்பது, கணினித் திரையில் படங்களை உருவாக்குவதற்கென வடிவமைக்கப்பட்ட வரைகலைச் செயலியைக் கொண்டு, பெரும் கணிப்புத் திறனைக் கோரும் பணிகளை விரைவாகச் செய்து முடிக்கும் முறையாகும். வரைகலைச் செயலி ஜி.பி.யு. என்ற சுருக்கப் பெயராலும், கணினியின் பொதுவான பணிகளைச் செய்யும் மையச் செயலி சி.பி.யு. என்ற சுருக்கப் பெயராலும் பரவலாக அறியப்படுகின்றன. வீடியோ எடிட்டிங் எனப்படும் நிகழ்படத் தொகுப்பு, முப்பரிமாண அசைவூட்டம், அறிவியல் ஒப்புருவாக்கம், இயந்திரக் கற்றல் ஆகியவை இம்முறையால் பெரிதும் பயன்பெறும் துறைகளுள் சில.

வரைகலைச் செயலி எல்லா வகையிலும் மையச் செயலியை விட வேகமானது எனக் கருதுவது தவறாகும். ஒரு பணியை, ஒன்றையொன்று சாராத, ஒரே மாதிரியான பல்லாயிரம் சிறு பணிகளாகப் பிரிக்க முடிந்தால் மட்டுமே வரைகலைச் செயலி அதனை விரைவாகச் செய்யும். அவ்வாறு பிரிக்க இயலாத பணிகளை அது மையச் செயலியை விட மெதுவாகவே செய்யும். நிகழ்படத் தொகுப்பில் இவ்விரு வகைப் பணிகளும் கலந்துள்ளன. ஆகவே வரைகலைச் செயலியின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே அறிந்துகொள்ள அது பொருத்தமான எடுத்துக்காட்டாக அமைகிறது.

நிகழ்படத் தொகுப்பில் உள்ள கணிப்பின் அளவு

நிகழ்படம் என்பது அடுத்தடுத்துக் காட்டப்படும் நிலைப்படங்களின் தொகுதியாகும். ஒவ்வொரு நிலைப்படமும் சட்டகம் எனப்படும். ஒவ்வொரு சட்டகமும் பிக்சல் என வழங்கப்படும் படப்புள்ளிகளால் ஆனது. 4கே எனப்படும் நிகழ்படத்தின் ஒரு சட்டகத்தில் கிடையாக 3840, நெடுக்காக 2160 என மொத்தம் 82,94,400 படப்புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 25 சட்டகங்கள் எனக் கொண்டால், ஒரு வினாடி நிகழ்படத்தில் 20,73,60,000 படப்புள்ளிகள் இருக்கும்.

ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. படத்தின் ஒளிர்வை 20 விழுக்காடு கூட்ட வேண்டுமெனில், எளிய முறையில் இம்மூன்று எண்களையும் 1.2 ஆல் பெருக்க வேண்டும். இது மிக எளிய பணி. படத்தை மங்கலாக்கும் விளைவுக்கோ, ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அதனைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியைக் காண வேண்டும். கிடையாக 5, நெடுக்காக 5 எனச் சுற்றியுள்ள 25 புள்ளிகளை நேரடியாகக் கணக்கில் கொண்டால், ஒரு படப்புள்ளிக்கு 75 பெருக்கல்கள் தேவை. ஒரு வினாடி நிகழ்படத்திற்கு இது 1,555 கோடிப் பெருக்கல்களுக்கு மேல் ஆகும். நடைமுறையில் ஒரு காட்சிக்கு நிறத் திருத்தம், இரைச்சல் நீக்கம், எழுத்துகள், காட்சி மாற்றம் எனப் பல விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்படுகின்றன.

தொகுப்பவர் தமது மாற்றங்களை உடனுக்குடன் திரையில் காண வேண்டுமெனில், ஒவ்வொரு சட்டகத்திற்கும் உரிய எல்லாக் கணிப்புகளும் 40 மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் முன்னோட்டம் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும்.

மையச் செயலியும் வரைகலைச் செயலியும்

இவ்விரு செயலிகளும் ஒரே வகை திரிதடையங்களால் ஆனவை. எனினும் அவற்றின் வடிவமைப்பு நோக்கங்கள் வேறு.

மையச் செயலியின் நோக்கம் ஒரு தொடர்ச்சியான பணியை இயன்றவரை விரைவாக முடிப்பது ஆகும். ஒரு நிரலில் "இது உண்மையானால் அதைச் செய், இல்லையேல் இதைச் செய்" என்பது போன்ற கிளைகள் மிகுதியாக வரும். எந்தக் கிளை தேவைப்படும் என முன்கூட்டியே ஊகிக்கவும், ஆணைகளைத் தக்கவாறு வரிசை மாற்றிச் செயற்படுத்தவும், அடிக்கடி தேவைப்படும் தரவுகளைக் கேச் நினைவகத்தில் அருகிலேயே வைத்துக்கொள்ளவும் மையச் செயலியின் பரப்பில் பெரும்பகுதி செலவிடப்படுகிறது. கணக்கிடும் சுற்றுகளுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. அதனால் வீட்டுப் பயன்பாட்டுக் கணினிகளின் மையச் செயலிகளில் கரு எனப்படும் செயற்பகுதிகள் பெரும்பாலும் சிலவோ சில பத்துகளோ மட்டுமே உள்ளன. ஆனால் ஒவ்வொரு கருவும் ஆற்றல் மிக்கது.

வரைகலைச் செயலியின் நோக்கம் ஒரு குறிப்பிட்ட காலத்தில் முடிக்கப்படும் மொத்த வேலையின் அளவைக் கூட்டுவதாகும். ஒரு தனிப் படப்புள்ளி எவ்வளவு விரைவாகக் கணிக்கப்பட்டது என்பது இங்கு முக்கியமன்று. எண்பது இலட்சம் படப்புள்ளிகளும் எப்போது முடிந்தன என்பதே முக்கியம். ஆகவே கிளைகளை ஊகிக்கும் சுற்றுகள் போன்றவை பெரும்பாலும் விடப்பட்டு, அவ்விடத்தில் எளிய கணக்கிடும் அலகுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு வெளியான என்விடியாவின் ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையில் இத்தகைய அலகுகள் 16,384 உள்ளன. இவற்றை நிறுவனம் கரு என்றே குறிப்பிட்டாலும், இவற்றுள் ஒன்றை மையச் செயலியின் ஒரு கருவோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

வயலில் நாற்று நடுவதை இதற்கு உவமையாகக் கூறலாம். ஒருவர் நடும் நாற்று அருகில் இருப்பவர் நடும் நாற்றைச் சார்ந்தது அன்று. ஆகவே பத்துப் பேர் வரிசையாக நின்றால் வேலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். ஆனால் சுவர் எழுப்பும்போது கீழ் வரிசைச் செங்கல் வைக்கப்படும் முன் மேல் வரிசையை வைக்க இயலாது. அங்கு எத்தனை பேரைக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் பயனில்லை. படப்புள்ளிகளின் நிறத்தைத் திருத்துவது நாற்று நடவைப் போன்றது. ஒரு கணக்கின் விடையைக் கொண்டே அடுத்த கணக்கைத் தொடங்க வேண்டிய பணி சுவர் எழுப்புவதைப் போன்றது.

இழைகளின் கூட்டம்

வரைகலைச் செயலியில் ஒவ்வொரு சிறு பணியும் இழை எனப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு படப்புள்ளிக்கு ஓர் இழை என ஒதுக்கலாம். இழைகள் தனித்தனியே இயங்குவதில்லை. என்விடியா செயலிகளில் 32 இழைகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒரே நேரத்தில் ஒரே ஆணையை வெவ்வேறு தரவுகளின் மீது செயற்படுத்துகின்றன. இக்கூட்டம் வார்ப் எனப்படும். ஆணையைப் பெற்றுப் பொருள் கொள்ளும் வேலையை 32 இழைகளுக்கும் சேர்த்து ஒருமுறை செய்தால் போதும் என்பதால் திரிதடையங்களும் மின்னாற்றலும் மிச்சமாகின்றன.

நினைவகக் காத்திருப்பை மறைத்தல்

நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேர நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் ஆகலாம். மையச் செயலி இக்காத்திருப்பைக் குறைக்கப் பெரிய கேச் நினைவகத்தை நாடுகிறது. வரைகலைச் செயலி வேறொரு வழியைக் கையாள்கிறது. ஒரு கூட்டம் தரவுக்காகக் காத்திருக்கும்போது, தரவு ஏற்கெனவே வந்துவிட்ட வேறொரு கூட்டத்தை உடனே இயக்குகிறது. போதிய எண்ணிக்கையில் இழைகள் இருந்தால் கணக்கிடும் அலகுகள் பெரும்பாலும் வேலையின்றி இருப்பதில்லை. பணி சிறியதாகவும் இழைகள் குறைவாகவும் இருந்தால் இம்முறை பயன் தராது.

இத்தனை அலகுகளுக்கும் தரவைத் தொடர்ந்து ஊட்ட வேண்டியுள்ளதால் வரைகலை அட்டைகளில் தனி நினைவகம் அமைக்கப்படுகிறது. மேற்கூறிய அட்டையில் 24 கிகாபைட் நினைவகம் உள்ளது. அதிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 1,000 கிகாபைட் தரவைப் பெற முடியும்.

வரலாறு

1980களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் கிளார்க் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஜியாமெட்ரி எஞ்சின் என்னும் சில்லு, முப்பரிமாண வடிவங்களுக்கான கணக்குகளைத் தனி வன்பொருளில் செய்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு அவர் தொடங்கிய சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் கணினிகள் பொறியியல் நிறுவனங்களிலும் திரைப்படத் துறையிலும் பயன்பட்டன. அவை தனி மனிதர்கள் வாங்கக்கூடிய விலையில் இருக்கவில்லை.

1990களில் கணினி விளையாட்டுகளின் வளர்ச்சி இந்நிலையை மாற்றியது. 1996இல் வெளிவந்த 3டிஎப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை, முக்கோணங்களைப் படப்புள்ளிகளாக மாற்றி அவற்றின் மேல் படவடிவங்களைப் பூசும் வேலையை மையச் செயலியிடமிருந்து ஏற்றுக்கொண்டது. 1999இல் என்விடியா தனது ஜீபோர்ஸ் 256 அட்டையை உலகின் முதல் ஜி.பி.யு. என விளம்பரப்படுத்தியது. முக்கோணங்களின் இடமாற்றம், ஒளியமைப்பு ஆகியவற்றுக்கான கணக்குகளையும் அது செய்தது. எனினும் ஜி.பி.யு. என்ற பெயரை 1994இல் வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் கருவியின் வரைகலைச் சில்லுக்கு அந்நிறுவனம் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தது.

அக்கால அட்டைகள் முன்னரே வரையறுக்கப்பட்ட வேலைகளை மட்டுமே செய்தன. 2001இல் வந்த ஜீபோர்ஸ் 3, நிரலர்கள் தாமே எழுதும் ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை இயக்கியது. 2002இல் வந்த ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 9700, படப்புள்ளிக் கணக்குகளில் மிதவைப் புள்ளி எண்களைக் கையாண்டது. பின்ன எண்களைப் போதிய துல்லியத்துடன் கணக்கிட இயன்றதும், வரைகலை சாராத கணக்குகளையும் இவ்வட்டைகளில் செய்து பார்க்க ஆய்வாளர்கள் முனைந்தனர். தொடக்கத்தில் இது கடினமாக இருந்தது. தீர்க்க வேண்டிய கணக்கை ஒரு படத்தை வரையும் வேலையாக வேடமிட்டுக் கொடுத்து, வரையப்பட்ட படத்திலிருந்து விடையைப் படித்தெடுக்க வேண்டியிருந்தது. 2004இல் ஸ்டான்போர்டில் இயன் பக் முதலானோர் வெளியிட்ட புரூக் என்னும் நிரலாக்க முறை இச்சுமையைக் குறைத்தது.

இயன் பக் பின்னர் என்விடியாவில் சேர்ந்தார். அந்நிறுவனம் 2006இல் 128 அலகுகளைக் கொண்ட ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். அட்டையுடன் குடா என்னும் நிரலாக்கத் தளத்தை அறிவித்து, 2007இல் வெளியிட்டது. சி மொழியை ஒத்த மொழியில் நேரடியாக நிரல் எழுத இதனால் வழி பிறந்தது. குடா என்விடியா செயலிகளுக்கு மட்டுமே உரியது. எல்லா நிறுவனச் செயலிகளுக்கும் பொதுவாக, ஆப்பிள் நிறுவனத்தின் முன்முயற்சியில் குரோனோஸ் குழுமம் ஓப்பன் சி.எல். என்னும் தரத்தை 2008 திசம்பரில் வெளியிட்டது. பின்னாளில் ஆப்பிள் 2014இல் தனது மெட்டல் தளத்தை அறிமுகப்படுத்தி, 2018இல் ஓப்பன் சி.எல். முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தது.

நிகழ்படத் தொகுப்பு மென்பொருள்களில் 2010இல் வெளியான அடோபி பிரிமியர் புரோ சி.எஸ்.5 குறிப்பிடத்தக்கது. அதன் மெர்குரி பிளேபேக் எஞ்சின் என்னும் பகுதி குடா வழியாக விளைவுகளைக் கணித்தது. முதலில் என்விடியாவின் குறிப்பிட்ட சில அட்டைகள் மட்டுமே ஏற்கப்பட்டன. நிறத் திருத்தத்திற்கெனத் தனி வன்பொருளுடன் விற்கப்பட்டுவந்த டாவின்சி மென்பொருளை 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வாங்கியது. பொதுவான வரைகலை அட்டைகளில் இயங்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பை அது 2011இல் வெளியிட்டது. இதனால் பெரிய படப்பிடிப்பு நிலையங்களுக்கு மட்டுமே எட்டியிருந்த நிறத் திருத்தக் கருவி தனியாட்களுக்கும் கிடைக்கலாயிற்று.

நிகழ்படத் தொகுப்பில் முடுக்கம்

மென்பொருள் அமைப்புகளில் "ஜி.பி.யு. முடுக்கம்" என்று ஒரே பெயரில் கூறப்பட்டாலும், வரைகலை அட்டையில் இதற்கு உதவுபவை இரு வேறு வகைச் சுற்றுகள் ஆகும். ஒன்று, நிரல்களை இயக்கும் ஆயிரக்கணக்கான கணக்கிடும் அலகுகள். மற்றொன்று, நிகழ்படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் மட்டுமே பயன்படும் நிலைத்த சுற்றுகள். இவ்வேறுபாட்டை அறியாமல் அட்டையை வாங்குவோர் ஏமாற்றம் அடைய நேரிடலாம்.

குறிவிலக்கம்

ஒளிப்படக் கருவிகளும் கைப்பேசிகளும் நிகழ்படத்தை எச்.264, எச்.இ.வி.சி. போன்ற முறைகளில் சுருக்கிச் சேமிக்கின்றன. எச்.264 2003இலும், எச்.இ.வி.சி. 2013இலும் தரமாக்கப்பட்டன. பெரும்பாலும் இம்முறைகளில் எல்லாச் சட்டகங்களும் முழுமையாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே ஒரு முழுச் சட்டகமும், மற்றவற்றுக்கு அருகிலுள்ள சட்டகங்களிலிருந்து உள்ள வேறுபாடுகளும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு சட்டகத்தைக் காண, அது சார்ந்துள்ள மற்றச் சட்டகங்களை முதலில் விரிக்க வேண்டும். தொகுப்பின்போது காலக்கோட்டில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவுகையில் ஏற்படும் தாமதத்திற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேலும், இறுதிக்கட்டச் சுருக்கத்தில் பயன்படும் எண்கணிதக் குறிமுறையில், ஒவ்வொரு பிட்டின் பொருளும் அதற்கு முன் விரிக்கப்பட்டவற்றைச் சார்ந்தே அமைகிறது. இது செங்கற்சுவர் போன்ற பணி. ஆயிரக்கணக்கான அலகுகள் இருந்தும் இங்குப் பயன் குறைவு. ஆகவே இப்பணிக்கென்றே நிலைத்த சுற்றுகள் அமைக்கப்படுகின்றன. வேறெந்த வேலையையும் செய்ய இயலாத இச்சுற்றுகள், தமக்குரிய பணியைக் குறைந்த மின்னாற்றலில் விரைவாகச் செய்கின்றன.

இச்சுற்றுகள் தமக்கெனக் குறிக்கப்பட்ட வடிவங்களை மட்டுமே ஏற்கும். எடுத்துக்காட்டாக, நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2 வகை எச்.இ.வி.சி. நிகழ்படத்தை விரிக்கும் வசதி, 2025இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக்கு முந்தைய ஜீபோர்ஸ் அட்டைகளில் இல்லை. இன்ட்டெல் மையச் செயலிகள் பலவற்றில் உள்ளடங்கிய சிறிய வரைகலைப் பகுதியில் அவ்வசதி அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இருந்தது. இவ்வகை நிகழ்படத்தைக் கையாள்வோருக்கு, விலையுயர்ந்த அட்டையால் இயலாததை மலிவான ஒரு பகுதி செய்துகொடுத்தது.

விளைவுகளும் நிறத் திருத்தமும்

சட்டகம் விரிக்கப்பட்டபின் நிகழும் வேலைகளே கணக்கிடும் அலகுகளுக்கு ஏற்றவை. நிறத் திருத்தம், அளவு மாற்றம், மங்கலாக்கல், கூர்மையாக்கல், பச்சைத் திரையை நீக்கி வேறு பின்னணி சேர்த்தல், ஒரு படத்தின்மேல் மற்றொன்றை அடுக்கல், காட்சி மாற்றங்கள் ஆகியவற்றில் ஒவ்வொரு படப்புள்ளியையும் பெரும்பாலும் தனித்தனியே கணிக்கலாம். அடுத்தடுத்த சட்டகங்களை ஒப்பிட்டு இரைச்சலை நீக்கும் விளைவு கடினமானவற்றுள் ஒன்று. அது பல சட்டகங்களை ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைத்திருக்கக் கோருகிறது. ஆயினும் அதன் கணிப்பும் படப்புள்ளிகளுக்கிடையே பிரிக்கத்தக்கதே.

இவ்வேலைகளில் தரவை எடுத்துச் செல்லும் நேரம் முக்கியமானது. ஒரு 4கே சட்டகத்தில் படப்புள்ளிக்கு நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 32 பிட் மிதவைப் புள்ளி எனக் கொண்டால் அதன் அளவு ஏறத்தாழ 133 மெகாபைட் ஆகும். தாய்ப்பலகைக்கும் வரைகலை அட்டைக்கும் இடையேயுள்ள பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 இணைப்பின் முழு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 32 கிகாபைட். ஆகவே ஒரு சட்டகம் அட்டைக்குச் செல்ல 4 மில்லிவினாடிக்குச் சற்று மேலும், திரும்பிவர அதே அளவும் ஆகும். ஐந்து விளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் சட்டகம் அட்டைக்குச் சென்று திரும்பினால், போக்குவரத்துக்கே 41 மில்லிவினாடி செலவாகும். கணிப்புக்கு நேரமே ஆகவில்லை எனக் கொண்டாலும், அனுமதிக்கப்பட்ட 40 மில்லிவினாடி அதற்குள் கடந்துவிடும். இதனாலேயே நன்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் சட்டகத்தை ஒருமுறை அட்டைக்கு அனுப்பி, எல்லா விளைவுகளையும் அங்கேயே முடிக்க முயல்கின்றன. இடையில் மையச் செயலியில் மட்டுமே இயங்கும் ஒரு பழைய விளைவைச் சேர்த்தால் இவ்வொழுங்கு குலைந்து, முழுத் தொகுப்பும் மெதுவாகலாம்.

மையச் செயலியும் வரைகலைச் செயலியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகளில் இப்போக்குவரத்தைத் தவிர்க்க முடியும். 2020இல் வெளிவந்த ஆப்பிளின் எம்1 சில்லு இத்தகையது.

குறியாக்கம்

தொகுத்து முடித்த நிகழ்படத்தை மீண்டும் சுருக்கிக் கோப்பாக்குவது குறியாக்கம் எனப்படும். இதற்கென நிலைத்த சுற்றுகளை இன்ட்டெல் 2011இல் குவிக் சிங்க் என்ற பெயரிலும், என்விடியா 2012இல் என்வெங்க் என்ற பெயரிலும் அளித்தன. ஏ.எம்.டி. நிறுவனமும் 2012இல் தனது அட்டைகளில் இவ்வசதியைச் சேர்த்தது. 2018இல் வெளியிடப்பட்ட ஏ.வி.1 முறைக்கான குறியாக்கச் சுற்றுகள் 2022 முதல் தனிக்கணினி அட்டைகளில் இடம்பெற்றன.

குறியாக்கி ஒவ்வொரு பகுதியையும் எவ்வாறு சுருக்குவது எனப் பல வழிகளை ஆராய்ந்து தெரிவு செய்ய வேண்டும். நிலைத்த சுற்று, விரைவு கருதிக் குறைந்த வழிகளையே ஆராய்கிறது. எக்ஸ்264 போன்ற மென்பொருள் குறியாக்கிகளை மெதுவான அமைப்பில் மையச் செயலியில் இயக்கினால், அவை கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, அதே கோப்பு அளவில் பொதுவாகச் சற்று மேம்பட்ட தரத்தைத் தருகின்றன. புதிய தலைமுறைச் சுற்றுகளில் இவ்விடைவெளி குறைந்துள்ளது. உடனே அனுப்ப வேண்டிய செய்திப் படத்திற்கு விரைவும், நெடுங்காலம் பாதுகாக்க வேண்டிய ஆவணப் படத்திற்குத் தரமும் முதன்மை பெறலாம்.

ஆம்டாலின் விதி

ஒரு பணியின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால் முழுப் பணி எவ்வளவு விரைவாகும் என்பதை, கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த கருத்து விளக்குகிறது. விரைவாக்கப்படாத பகுதியே இறுதியில் எல்லையை வரையறுக்கும் என்பது அதன் சாரம்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிகழ்படத்தை உருவாக்க மையச் செயலிக்கு மொத்தம் 100 நிமிடங்கள் ஆவதாகவும், அதில் குறிவிலக்கத்திற்கு 20, விளைவுகளுக்கு 60, குறியாக்கத்திற்கு 20 நிமிடங்கள் ஆவதாகவும் கொள்வோம். கணக்கை எளிமையாக்க, இவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதாக எடுத்துக்கொள்வோம்.

- விளைவுகளை மட்டும் 20 மடங்கு விரைவாக்கினால் அப்பகுதி 3 நிமிடமாகும். மொத்த நேரம் 43 நிமிடம். முழுப் பணி 2.3 மடங்கே விரைவாகிறது.
- விளைவுகளுக்கு நேரமே ஆகாத அட்டை ஒன்று இருந்தாலும் மொத்த நேரம் 40 நிமிடத்திற்குக் கீழே குறையாது. அதாவது உச்ச அளவு 2.5 மடங்கு.
- குறிவிலக்கமும் குறியாக்கமும் நிலைத்த சுற்றுகளால் 5 மடங்கு விரைவானால் அவை ஒவ்வொன்றும் 4 நிமிடமாகும். 20 மடங்கு விரைவான விளைவுகளுடன் சேர்த்து மொத்த நேரம் 11 நிமிடம். முழுப் பணி 9 மடங்கு விரைவாகிறது.

இரண்டாம் நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் தர இயலாத பயனை, மூன்றாம் நிலையில் சிறிய நிலைத்த சுற்றுகள் தருவதைக் காணலாம். "20 மடங்கு வேகம்" என்பது போன்ற விளம்பரக் கூற்றுகள் பணியின் ஒரு பகுதியை மட்டும் குறித்ததாக இருக்கக்கூடும்.

பிற பயன்பாடுகள்

இயந்திரக் கற்றலில் பயன்படும் செயற்கை நரம்புப் பிணையங்களின் பெரும்பகுதிக் கணிப்பு அணிப் பெருக்கலாகும். விடை அணியின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கணிக்கலாம் என்பதால் அது வரைகலைச் செயலிக்கு மிகவும் ஏற்றது. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெப்ரி ஹிண்டன் ஆகியோர் அலெக்ஸ்நெட் என்னும் பிணையத்தை இரண்டு ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 580 அட்டைகளில், ஏறத்தாழ 12 இலட்சம் படங்களைக் கொண்டு, ஐந்து முதல் ஆறு நாட்களில் பயிற்றுவித்தனர். விளையாட்டுக்கென விற்கப்பட்ட அட்டைகளில் உருவான அப்பிணையம், அவ்வாண்டின் இமேஜ்நெட் படமறிதல் போட்டியில் மற்றவற்றை விடப் பெரும் வேறுபாட்டில் முன்னிலை பெற்றது.

மீத்திறன் கணினிகளிலும் இச்செயலிகள் இடம்பெற்றுள்ளன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஏ.எம்.டி. வரைகலைச் செயலிகளுடன் அமைக்கப்பட்ட பிரண்டியர் கணினி, 2022இல் வினாடிக்கு நூறு கோடிக் கோடிக்கும் நூறு மடங்கான, அதாவது 1க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையிலான மிதவைப் புள்ளிக் கணக்குகளைக் கடந்தது.

பிட்காயின் எண்ம நாணயத்திற்கான கணிப்புகளிலும் ஒரு காலத்தில் வரைகலை அட்டைகள் பயன்பட்டன. பின்னர் அதற்கென்றே உருவான தனிச் சில்லுகள் அவற்றை அகற்றின. ஒரே ஒரு பணியை மட்டும் செய்யும் நிலைத்த சுற்று, நிரலாக்கத்தக்க செயலியை அப்பணியில் விஞ்சும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வரம்புகள்

- கிளைகள்: ஒரு கூட்டத்தின் 32 இழைகளுள் சில ஒரு கிளையையும் மற்றவை வேறொரு கிளையையும் பின்பற்ற நேர்ந்தால், செயலி இரு கிளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகிறது. நடவு வரிசையில் இருவர் கல்லை அகற்ற நின்றால் வரிசை முழுதும் காத்திருப்பதைப் போன்றது இது.
- நினைவக அளவு: 8கே சட்டகத்தில் 4கே சட்டகத்தைப் போல நான்கு மடங்கு படப்புள்ளிகள் உள்ளன. மேற்கூறிய கணக்கின்படி அதன் அளவு ஏறத்தாழ 531 மெகாபைட். பல அடுக்குகளும் விளைவுகளும் சேரும்போது அட்டையின் நினைவகம் நிரம்பினால், மென்பொருள் மிகவும் மெதுவாகலாம் அல்லது பணியைக் கைவிடலாம்.
- துல்லியம்: விளையாட்டுக்கான அட்டைகளில் 64 பிட் மிதவைப் புள்ளிக் கணக்குகள் மிக மெதுவானவை. ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டையில் இது 32 பிட் வேகத்தில் 64இல் ஒரு பங்கே. நிகழ்படத் தொகுப்பிற்கு 32 பிட் போதுமானது. சில அறிவியல் கணிப்புகளுக்குப் போதாது.
- மின்னாற்றல்: அதே அட்டையின் வரையறுக்கப்பட்ட மின் நுகர்வு 450 வாட். அதற்கேற்ற மின்வழங்கியும் குளிர்விப்பும் தேவை.
- நிரலாக்கம்: ஒரு நிறுவனத்தின் தளத்திற்கென எழுதப்பட்ட நிரல் மற்றொரு நிறுவனத்தின் செயலியில் அப்படியே இயங்காது.

தெரிவு செய்கையில் கருத வேண்டியவை

நிகழ்படத் தொகுப்பிற்காகக் கணினி அமைப்பவர், முதலில் தமது பணியில் நேரம் எங்கே செலவாகிறது என்பதைக் கண்டறிதல் நன்று. பணி நடக்கும்போது மையச் செயலி, வரைகலைச் செயலி, நிலைத்த சுற்றுகள் ஆகியவை எவ்வளவு ஈடுபட்டுள்ளன என்பதை இயக்குதளத்தின் கண்காணிப்புக் கருவிகளில் பெரும்பாலும் காண முடியும்.

வெட்டி ஒட்டும் எளிய தொகுப்பே பெரும்பாலும் செய்பவருக்கு, அவரது ஒளிப்படக் கருவியின் வடிவத்தை விரிக்கும் நிலைத்த சுற்று உள்ளதா என்பதே முதன்மையான வினா. ஒரே தலைமுறையைச் சேர்ந்த மலிவான அட்டையிலும் விலையுயர்ந்த அட்டையிலும் பெரும்பாலும் ஒரே வகைச் சுற்றே இருப்பதால், கூடுதல் விலை இதற்கு அதிகம் உதவாது. நிறத் திருத்தமும் இரைச்சல் நீக்கமும் மிகுதியாகச் செய்பவருக்குக் கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கையும் அட்டையின் நினைவகமும் முக்கியம். புதிய அட்டை வாங்க இயலாதவர், மூல நிகழ்படத்தைக் குறைந்த அளவுடைய, ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியே சுருக்கப்பட்ட பதிலிக் கோப்புகளாக முன்கூட்டியே மாற்றிக்கொண்டு தொகுக்கலாம். அப்போது குறிவிலக்கத்தின் சுமை பெரிதும் குறைவதால், பழைய கணினியிலும் முன்னோட்டம் தடையின்றி ஓட வாய்ப்புண்டு. இறுதி வெளியீட்டின்போது மென்பொருள் மூலக் கோப்புகளையே பயன்படுத்துவதால் தரம் குறைவதில்லை.